இருநூற்றுப் பதினான்குக்கு அடுத்த எண்

சேலத்தில் கணினித் தொழில் இதழ் நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார். "மார்க்டவுன் மாற்றிகள் நாலஞ்சை ஒப்பிட்டு எழுதுங்க. எதை எதுக்கு வெச்சுக்கலாம்னு நம்ம பசங்களுக்குத் தெரியட்டும்" என்றார். எனக்கு இதைவிட எளிய வேலை கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு நான் செய்துவருவதே அதுதான். ஆனால் எழுத உட்கார்ந்தபோது கை வேறு பக்கம் போயிற்று.

நாளையோடு ஓர் ஆண்டு ஆகிறது. கொல்லிமலையில் குண்டனி நாடு என்ற ஊர்த் தொகுதியில் இருக்கும் எங்கள் ஊர்க் கோயில் வாசலில், என் தங்கை வெள்ளையம்மா சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாள். அந்தச் சத்தியம் பொய்யாகிப் போனது. பொய்யாக்கியவன் நான். அதைச் சொல்லாமல் மாற்றிகளைப் பற்றி ஒரு வரிகூட என்னால் எழுத முடியவில்லை.

என் குறிப்புகளுக்கு வழக்கமாக ஒன்று, இரண்டு என்று எண் போடுவேன். இந்த முறை போடவில்லை. ஏன் என்று படிப்பவர்களுக்கே தெரிந்துவிடும்.

*

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்கு நான் வந்தது முப்பதை எட்டாத வயதில். இப்போது எழுபத்திரண்டு. அச்சு இயந்திரங்களுக்குக் கையேடு தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது, எந்த விளக்கு எரிந்தால் இயந்திரத்தை நிறுத்துவது என்று எழுதுகிற வேலை. மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் மலர் இதே நகரில்தான் இருக்கிறாள். மென்பொருள் எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவாள்.

மற்ற நாட்களில் காலை ஏழு மணிக்குக் கடுங்காப்பியுடன் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். மார்க்டவுன் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரண எழுத்துக் கோப்பில் சில அடையாளங்களைச் சேர்த்து எழுதுவது அது. சொல்லின் இரு பக்கமும் இரண்டு நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து. வரியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் போட்டால் எண்ணிட்ட பட்டியல். அந்தக் கோப்பை ஒரு மாற்றியிடம் கொடுத்தால் அழகான பக்கமாக ஆக்கித் தரும். ஆதியில் எழுதப்பட்ட விதிகளில் தெளிவில்லாத இடங்கள் பல. அதனால் மாற்றி எழுதிய ஒவ்வொருவரும் தமக்குப் புரிந்தபடி எழுதினார்கள். ஒரே கோப்பு ஒன்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் வரும்.

இந்த வேறுபாடுகளைச் சேகரிப்பது எனக்குப் பைத்தியமாகவே ஆகியிருந்தது. ஒன்றில் வரியை உடைத்தால் பக்கத்திலும் உடையும். இன்னொன்றில் வரியின் முடிவில் இரண்டு இடைவெளி விட்டால்தான் உடையும். தமிழ்ச் சொல் ஒன்றை மேற்கோள் குறிகளோடு சேர்த்துத் தடிப்பாக்கி, அதன் வாலில் "உடன்" என்றோ "ஆக" என்றோ இடைவெளி விடாமல் ஒட்டிப் பாருங்கள். பல மாற்றிகளில் நட்சத்திரங்கள் கரையாமல் அப்படியே நிற்கும். விதி எழுதியவர்கள் நம் மொழியில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டும் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. இதைக் கண்டுபிடித்த அன்று பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்தி வைத்துச் சொன்னேன். அவர் பணிவாகக் கேட்டுவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போனார்.

இவ்வளவு நுணுக்கம் பார்ப்பவன் நான். இது படிப்பவர்களுக்கு நினைவிருக்க வேண்டும்.

*

எங்கள் அப்பாவுக்கு மலையில் நான்கு காடுகள். அங்கே காடு என்றால் பயிர் வைக்கும் நிலம். மலருக்குச் சின்ன வயதில் இதைச் சொன்னபோது, "அத்தை காட்டுல புலி இருக்குமா?" என்று கேட்டாள். இல்லை, மரவள்ளிக் கிழங்கும் மிளகுக் கொடியும் இருக்கும் என்றேன். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் காடுகளைப் பற்றி அவள் கேட்டதில்லை.

அப்பா இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே கிடந்தது. நான்கு காடுகளிலும் உழைத்தது வெள்ளையம்மா. அவள் கணவர் போன பின்பும் அவள் ஒருத்திதான். "பட்டா என் பேருக்கு வந்துட்டா நிம்மதியா இருப்பனுங்கண்ணா" என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்வாள். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அடுத்த விடுமுறைக்கு, அடுத்த விடுமுறைக்கு என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் அவளுக்கு அறுபத்தாறு வயதானபோதுதான் எனக்கு உறைத்தது.

நிலங்களின் சர்வே எண்களைக் குரல் செய்தியாக அனுப்பினாள். பின்னணியில் சேவல் கூவுகிறது. "மேட்டுக்காடு இருநூத்திப் பதினாலுங்க. பலாமரத்துக் காடு இருநூத்திப் பத்தொம்பது. ஓடக்காடு இருநூத்தி இருபத்திமூணு. ஊட்டுக்குப் பின்னாடி இருக்கறது இருநூத்தி முப்பத்தொண்ணுங்க. எழுதிக்கிட்டீங்களாண்ணா?"

எழுதிக்கொண்டேன். எல்லாவற்றையும் மார்க்டவுனில் எழுதுவது என் பழக்கம். கடைக்குப் போகும் சீட்டுகூட அப்படித்தான். ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழியையும் அப்படியே எழுதினேன். கீழே நான்கு வரிகள். ஒவ்வொரு வரியும் எண்ணில் தொடங்கும்: 214, புள்ளி, மேட்டுக்காடு. 219, புள்ளி, பலாமரத்துக் காடு. இப்படி.

பழைய மாற்றி ஒன்றில் போட்டு அச்சிட்டேன். நான்கு காடுகளுக்கும் 1, 2, 3, 4 என்று வந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. வரியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் இருந்தால் அதைப் பட்டியல் என்று எடுத்துக்கொண்டு, நாம் என்ன எண் கொடுத்தாலும் ஒன்றிலிருந்து எண்ணும் வகை அது. என் குறிப்பேட்டில் அதைப் பற்றி ஒரு பக்கமே இருக்கிறது. உடனே புதிய மாற்றிக்குத் தாவினேன். அது நாம் கொடுத்த எண்ணை மதிக்கும். அச்சு வந்தது. முதல் வரியில் 214 இருந்தது. மதித்துவிட்டது என்று மகிழ்ந்து தாளை உறையில் வைத்தேன்.

புதிய மாற்றி மதிப்பது முதல் எண்ணை மட்டும். அதற்குப் பிறகு அது தானாகவே ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும். 214, 215, 216, 217. இதுவும் என் குறிப்பேட்டில் இருக்கிறது. என் கையெழுத்தில் இருக்கிறது. எண்ணுக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு பின்சாய்கோடு, அதாவது \ குறி, போட்டிருந்தால் இரண்டு மாற்றிகளும் வாயை மூடிக்கொண்டு நான் எழுதியதை அப்படியே தந்திருக்கும்.

நண்பர் கேட்டாரே, எது நல்லது என்று. பழையதுதான் நல்லது. அது செய்த தவறு கண்ணுக்குத் தெரிந்தது. புதியது செய்த தவறு சரியானதைப் போலவே இருந்தது.

*

தூதரகத்தில் கையொப்பம் உறுதி செய்ய நேரம் வாங்குவதற்கு மூன்று வாரம். புகைப்படத்தின் அளவு சரியில்லை என்று ஒரு முறை திருப்பினார்கள். இரண்டாம் முறை சாளரத்தில் இருந்த இளம்பெண் சாதிச் சான்றைப் பார்த்துவிட்டு, "சேட்டன் நாட்டில எவிடயா?" என்று சிரித்தாள். மலையாளி என்று எங்கள் சான்றிதழில் இருப்பதைக் கண்டு இப்படிக் கேட்பவர்கள் எனக்குப் புதிதல்ல. நாற்பது ஆண்டுகளாக விளக்கிவருகிறேன். அன்றும் விளக்கினேன். மலைமேல் வாழ்பவர்கள், மொழி தமிழ், கேரளத்துக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை. அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தமிழுக்கு மாறி, பக்கங்களைப் புரட்டினாள்.

"நாலும் அடுத்தடுத்த நம்பரா இருக்கே சார். ஒரே இடத்துல இருக்கா?"

"இல்லம்மா, தனித்தனியாத்தான் இருக்கு" என்றேன். முத்திரை எங்கே விழுகிறது என்பதில் என் கண் இருந்தது.

அவள் கேட்டாள். நான் பதிலும் சொன்னேன். தாளைக் குனிந்து பார்க்கவில்லை.

*

தாள் மலைக்குப் போய்ச் சேர்ந்தது. வெள்ளையம்மா அதை மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்குக் கொண்டுபோய் நகல் எடுத்தாள். நகல் கடையில் நின்ற ஒருவர் எண்களைப் பார்த்துவிட்டு ஊரில் சொன்னார். 215 முதல் 217 வரை சடையனுடையவை. சடையன் எங்கள் பங்காளி. என் வயதுக்காரன். அவன் கிணற்றிலிருந்துதான் வெள்ளையம்மாவின் பலாமரத்துக் காட்டுக்குக் கோடையில் தண்ணீர் போகும். அவ்வளவு ஒட்டு.

அவன் வாசலில் வந்து நின்று கத்தியிருக்கிறான். "கேட்டா நானே குடுத்திருப்பேனே! வெளிநாட்டுல இருந்து சீலு குத்திக் கொண்டாந்து புடுங்கறீங்களாக்கும்?"

அன்று மாலை வெள்ளையம்மா என்னை அழைத்தாள். இங்கே மதியம். நான் ஓர் அட்டவணையை ஐந்து மாற்றிகளில் சோதித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்கண்ணா, வேலையா இருக்கீங்களா?"

"சொல்லு."

"அந்தப் பேப்பர்ல நம்பரெல்லாம் செரியாத்தான இருக்குதுங்க? சடையண்ணன் வந்து அதெல்லாம் தன்னோட நம்பருங்குது."

"நீ சொன்னதைத்தான் போட்டிருக்கேன்."

"இல்லீங்க, நாஞ் சொன்னது வேறயாட்டம் இருந்துது. கணக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தறப்ப நம்பர மாத்திப்போட்டாங்கன்னு சொல்றாங்கல்ல, அதை நீங்க அங்கிருந்தே பாத்துப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். அவருகிட்ட இருக்கறது பழைய பட்டாவா இருக்கும்."

இந்தச் சொற்கள் எல்லாம் என் காதில் விழுந்தன. இன்று வரிசை மாறாமல் என்னால் திரும்பச் சொல்ல முடிகிறது. அன்று அவற்றின் பொருள் உள்ளே போகவில்லை. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு கோப்பைத் திறந்தேன். நான் தட்டச்சிட்ட கோப்பை. 214, 219, 223, 231. அவள் சொன்ன எண்கள்.

"இப்பவே பார்த்துட்டேன். சரியா இருக்கு."

"பாத்துட்டீங்களா?"

"பார்த்துட்டேன் கண்ணு."

"அப்பச் செரிங்கண்ணா. நீங்க வேலையப் பாருங்க."

நான்கு எண்களை வாயால் படித்துச் சொல்லியிருந்தால் பத்து நொடி ஆகியிருக்கும். அவள் கையில் இருந்தது அச்சிட்ட தாள். நான் பார்த்தது அந்தத் தாளாக ஆவதற்கு முன் இருந்த கோப்பு. இரண்டும் வேறாக இருக்கலாம் என்பதைப் பற்றித்தான் நான் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன்.

மறுநாள் கோயில் வாசலில் ஊர் கூடியது. வெள்ளையம்மா தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சூடத்தை அணைத்தாள். "இதுல இருக்கற நம்பரு அத்தனையும் எங்கப்பன் காட்டு நம்பருதானுங்க. எங்கண்ணன் பாத்துச் சொல்லிருக்குது. ஒண்ணு பொய்யின்னாலும் இந்த வாசப்படிய நான் மிதிக்கல" என்றாள். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை. என்மேல் இருந்த நம்பிக்கையில் அவளாகச் சேர்த்துக்கொண்டது. சடையன் எழுந்து போனான்.

மூன்று வாரம் கழித்துச் சர்வேயர் புல வரைபடத்தோடு வந்தார். ஊர் எல்லோருக்கும் முன்னால் விரித்துக் காட்டினார்.

*

வெள்ளையம்மா எனக்குச் சொல்லவில்லை. சடையன்தான் அழைத்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன்.

"ஏப்பா, நம்பரு கெடக்குது, அது திருத்திக்கலாம். உன்ற தங்கச்சி கோயிலுக்கு வரமாட்டீங்குதப்பா. மாரியம்மன் நோம்பிக்கு ஊரே உள்ள நிக்குது, அது ரோட்டு மேல நின்னு பாத்துட்டுப் போகுது. நான் கூப்பிட்டும் பாத்துட்டேன். நீ என்னதான் எழுதி அனுப்புன?"

அப்போதுதான் அச்சிட்ட தாளின் நகலை எடுத்துப் பார்த்தேன்.

அதன் பிறகு நான் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். தங்கையை அழைக்கவில்லை. அந்த நான்கு வரிகளை என்னிடம் இருந்த எல்லா மாற்றிகளிலும் போட்டுப் பார்த்தேன். மாலைவரை. சில 1, 2, 3, 4 என்றன. மற்றவை 214, 215, 216, 217 என்றன. நான் எழுதியதை ஒன்றுகூடத் தரவில்லை. குற்றத்தை வைக்க ஓர் இடம் தேடியிருக்கிறேன் என்று இப்போது புரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை மலர் வந்தாள். காட்டினேன். திரையைப் பார்த்து, "அது அப்படித்தான் அப்பா. விதியில எழுதி இருக்குது. பிழை இல்ல" என்றாள். அவள் சொன்னது சரி. பிறகு, "ஆனா அத்தை ஏன் செக் பண்ணல?" என்று கேட்டாள்.

"பண்ணினா. என்கிட்டதான் கேட்டா."

மலர் கணினியை மூடினாள். பிறகு தமிழில் சொல் கிடைக்காமல் ஜெர்மன் மொழியில், "நீங்கள் போக வேண்டும்" என்றாள். மகள் எனக்குச் சொன்னவற்றில் நான் உடனே கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

*

கோயில் வாசலில் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரும் பத்துப் பதினைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளையம்மா சற்றுத் தள்ளி, தெருவின் அந்தப் பக்கம் நின்றாள். மெலிந்திருந்தாள். நான் மாற்றியைப் பற்றி விளக்கினேன். எண்ணை அதுவாக மாற்றியது என்றேன்.

"மிசினு அதும்பாட்டுக்கு மாத்துமா?" என்றார் ஒருவர்.

"முதல் எண்ணை மட்டும் பார்க்கும். மீதியை அதுவே வரிசையாப் போட்டுக்கும்."

"ரேசன் கடைல வெச்சிருக்கறது இந்த மிசினுதானாட்ட இருக்குது" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். சடையனும் சிரித்தான். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஊர்க்கவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"மிசினு தப்புப் பண்ணுச்சு, செரி. அந்தப் புள்ள போன் போட்டுக் கேட்டுச்சே, அப்ப நீயி என்னத்தப் பாத்த?"

"நான் எழுதினதைப் பார்த்தேனுங்க."

"அது கையில இருந்ததப் பாக்கலியா?"

"இல்லீங்க."

"பாத்துட்டேன்னு சொன்னியா?"

"சொன்னேனுங்க."

தவறு என்னுடையது, சத்தியத்தின் பாவமும் என்னைச் சேரட்டும், என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன் என்றேன். பொங்கல் வைத்துப் பூசை போடச் சொன்னார்கள். சடையன் எழுந்து தெருவைக் கடந்து போய் வெள்ளையம்மா முன்னால் நின்றான்.

"எனக்கு எதிராத்தான சத்தியம் பண்ணுன? நான் வுட்டுட்டேன் சாமி. உள்ள வா."

"உங்க கோவத்த நீங்க வுடலாமுங்கண்ணா" என்றாள் அவள். "நாஞ் சொன்ன சொல்ல நீங்க எப்பிடி வுடறது?"

"உங்கண்ணன்தான் தன்னோட தப்புன்னு சொல்லுதே."

"அது சொன்னது அதோட தப்பு. அணைச்சது என்னோட கையிங்க."

குரலில் கோபம் இல்லை. என்னைப் பார்த்துச் சொல்லவும் இல்லை.

*

புதிய உறுதிமொழியைச் சேந்தமங்கலத்தில் தட்டச்சு நிலையத்தில் கொடுத்து எழுதினேன். வீட்டுக்கு வந்ததும் தாளைக் கையில் கொடுத்து, "படிச்சுப் பாரு" என்றேன்.

"நீங்க வாயால படிங்க. நாங் கேக்கறேன்."

ஒவ்வோர் எண்ணாகப் படித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் காட்டின் பெயரைச் சொன்னாள். நான்கும் முடிந்ததும், "இன்னொருக்காப் படிங்க" என்றாள். படித்தேன். மறுபடியும் பெயர்களைச் சொன்னாள். என் தங்கை என்னை இரண்டு முறை சரிபார்த்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. இப்போது பட்டா அவள் பெயரில் இருக்கிறது.

புறப்படும் நாள் காலையில் பூசை நடந்தது. நான் உள்ளே போனேன். பூசாரி என் நெற்றியில் திருநீறு பூசினார். அவளுக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கி, இலைத் துண்டில் மடித்து எடுத்துவந்தேன். வீட்டுக்குப் பின்னால் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். சேலையில் கையைத் துடைத்து, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிரிக்கவில்லை.

"வெச்சுக்க கண்ணு."

"உள்ள போயி வாங்கற அன்னிக்கு வெச்சுக்கறேனுங்கண்ணா."

"எப்போ?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

மடிப்புக் கலையாமல் இலையைக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே செருகினாள். பிறகு என் நெற்றியைப் பார்த்தாள். "பூசுனது நல்லா நெறைஞ்சு இருக்குதுங்க" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அவள் முன்னால் அதை வைத்துக்கொண்டு நிற்கவும் கூசியது. துடைக்கவும் கை வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன்.

மலை இறங்கும்வரை நெற்றியைத் தொடவில்லை. சேந்தமங்கலத்தில் இறங்கியபோது நல்ல வெயில். வியர்வையில் அது கரைந்து புருவத்தில் வழிந்து கண்ணில் எரிந்தது.